குடைக்கு வாழ்க்கைப்பட்டவள்

"…அதனாலதான் கேக்குறேன் மாமா. குடைக்குப் பக்கத்துல உட்கார்ந்து நான் கழுத்தை நீட்டுனது கல்யாணம்னா, என் சேலைகிட்டத் துரும்பைக் கொடுத்ததும் அத்துவிட்டதுதான். இது செல்லாதுன்னா அதுவும் செல்லாது. ரெண்டுல ஒண்ணைச் சொல்லிப்புடுங்க. பொழுது போகுது. விடிஞ்சா ஆடி."

முனியாண்டி கோயில் தகரக் கொட்டகையில், எங்கள் சனத்துப் பெரியவர்கள் மூன்று பேர் முன்னால் நின்று இப்படிக் கேட்டவள் எங்கள் ராஜாவின் பெண்டாட்டி. ராஜா என்றால் நாடகத்தில் ராஜா. மற்ற நாட்களில் ரங்கூன் துறைமுகத்துப் போட்டாதாங் ஜெட்டியில், கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். ஒரே ஊர்க்காரர், எனக்கு அண்ணன் முறை. அவள் எனக்கு மதினி.

அந்த நேரத்தில் அண்ணன் தலையில் கிரீடம் இருந்தது, முகத்தில் பாதிக்குத்தான் அரிதாரம் ஏறியிருந்தது. ஒரு கன்னம் ராஜா, ஒரு கன்னம் வின்ச்காரர். என் நிலைமை அதைவிட மோசம். நான் அந்த நாடகத்தில் ராணி. கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், தலையில் சவுரி, இடுப்பில் லுங்கி. நான் கட்ட வேண்டிய சேலை மதினியின் இடுப்பில் இருந்தது. நாடகம் நடக்கும் பக்கத்துச் சாவடியில் ஆர்மோனியக்காரர் எங்களை வரச்சொல்லிக் கட்டைகளை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம் என்பதைச் சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. அரிசிக் கப்பல்கள் மறுபடி வரிசை கட்டி நின்ற காலம். ஜெட்டியில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நாடகம் போட நேரமிருந்தது. அது எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆசைக்கு நேரம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்று ஊரில் சொல்வார்கள். ஒருத்தன் எப்போது விடியும் என்று பார்க்கிறான், மற்றவன் எப்போது பொழுது சாயும் என்று பார்க்கிறான். கூலிக்காரனும் நாங்களே, கூத்தாடியும் நாங்களே. கிழக்கும் மேற்கும் பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கழுத்துத்தான் வலித்தது. ராத்திரிக் கப்பல் வேலை இருந்ததால் எங்கள் நாடகம் ஞாயிற்றுக்கிழமை பகலில் நடக்கும். பகல் வெளிச்சத்தில் என் மீசை மழித்த இடம் பச்சையாகத் தெரியும். ரங்கூன் சனங்கள் பெரிய மனசுக்காரர்கள், அதையும் ராணி என்று ஒத்துக்கொண்டார்கள்.

கதை நான் கட்டியது. நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. மளிகைக்கடைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். கடுகு மடித்த காகிதத்தில் ஒரு கதையின் நடுப்பக்கம் கிடைக்கும், மிளகு மடித்ததில் வேறொரு கதையின் முடிவு. இரண்டையும் ஒட்டினால் புதுக்கதை. அப்படி ஒட்டியதுதான் இதுவும். ஒரு ராஜா ஒரு பெண்ணை ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவள் முன்னமே ஒருவனைக் கட்டி அத்துவிடப்பட்டவள் என்று. மந்திரிமார், "சிம்மாசனமா, இவளா?" என்கிறார்கள். ராஜா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "கடமையே பெரிது!" என்று சொல்லி அவளை அத்துவிடுகிறான். ராணி அழுதுகொண்டே காட்டுக்குப் போகிறாள். அழுகிற இடத்தில் எனக்கு ஒரு நல்ல பாட்டும் இருந்தது.

ஒத்திகையில் ஒரு சிக்கல். ராஜாக்கள் பெண்டாட்டியை எப்படி அத்துவிடுவார்கள்? யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது எங்கள் வழக்கம்தான். பெரியவர்கள் முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். பெரியவர்கள் "சம்மதம்" என்று சொல்லித் தட்டிலிருந்து வெற்றிலையை எடுப்பார்கள். அவ்வளவுதான், தீர்ந்தது. பிறகு அவள் மறுதாலி கட்டிக்கொள்ளத் தடையில்லை. "ராஜாவும் அப்படியே செய்யட்டும்" என்று முடிவு பண்ணினோம். பீங்கான் சாமான் பெட்டிக்குள் அடைத்துவரும் வைக்கோல் ஜெட்டியில் எத்தனை வேண்டுமானாலும் கிடந்தது.

ராஜாவுக்குக் கிரீடம் தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் செய்தோம். வெண்கொற்றக் குடைக்கு அண்ணன் தன் சொந்தக் குடையைக் கொண்டுவந்து வெள்ளை மல் துணி சுற்றினார். குடை என்றதும் அதன் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அண்ணனுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமானபோது அவர் ரங்கூனில் இருந்தார். லீவு கேட்டார். எங்கள் மேஸ்திரி தரவில்லை. இந்த மேஸ்திரிதான் எங்கள் சனத்துத் தலைக்கட்டு, பஞ்சாயத்தில் நடுவில் உட்காருகிறவர். "ஏழு கப்பல் நிக்குது, உனக்கு மாலை கேக்குதா? கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். அண்ணன் முகம் சுருங்கியதும் அவரே வழியும் சொன்னார்: "அடேய், என் கல்யாணத்துக்கு நானா போனேன்? வேல்கம்பை அனுப்புனேன். கம்பை மணையில வச்சு எங்க அக்கா தாலியைக் கட்டிருச்சு. உன் பொருள் ஏதாச்சும் ஒண்ணை அனுப்பு, எல்லாம் நடக்கும்."

அண்ணனிடம் இருந்த ஒரே கௌரவமான பொருள் குடை. பிடியில் வெள்ளிப் பூண் போட்ட கறுப்புக் குடை. ஊருக்குப் போன ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். குடைக்குப் பட்டுக்கரைத் துண்டு கட்டி, சந்தனம் தடவி, மணையில் சாய்த்து வைத்தார்களாம். பக்கத்தில் மதினி. நாத்தனார் தாலி கட்டினாள். நடுவில் குடை சரிந்து மதினி தோளில் விழுந்ததாம். "மாப்பிள்ளைக்கு அவசரம்" என்று பந்தலே சிரித்ததாம்.

மதினி ரங்கூனுக்குக் கப்பலேறி வந்தபோது கூட்டிவரப் போனவர்களில் நானும் ஒருவன். கப்பலிலிருந்து சனம் கொட்டுகிறது. அவளுக்குப் புருஷன் முகம் தெரியாது, இவருக்கும் அவள் முகம் தெரியாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? குடையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வெயிலுமில்லை, மழையுமில்லை. மாப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷனைத் தேடியவளை நான் அன்றுதான் பார்த்தேன். அண்ணன் வெள்ளிப் பூணை அடையாளம் கண்டுகொண்டு ஓடினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் பேச்சு: "குடை இன்னும் கொஞ்சம் உசரமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு நல்லபடியாகத்தான் குடும்பம் நடந்தது. ஆனால் வீட்டில் கோபம் வந்தால் மதினி அவரோடு பேசமாட்டாள். மூலையில் நிற்கும் குடையைப் பார்த்துப் பேசுவாள். "நீதான்யா என்னைக் கட்டுன ஆளு. நீ குடிக்கிறதில்லை, நாடகத்துக்குப் போறதில்லை. மழை பேஞ்சா கூட வர்றே. இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியலை." அண்ணன் வெளியே வந்து எங்களிடம் சிரிப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் குத்தும் என்று நினைக்கிறேன்.

நாடகத்துக்கு வருவோம். ராணிக்கு வாடகைச் சேலை கொண்டுவருவதாகச் சொன்னவன் நாடகத்தன்று காலையில் கையை விரித்துவிட்டான். "கவலைப்படாதே" என்றார் அண்ணன். மதினி மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்து வந்துவிட்டார். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பார்கள். இவர் சொந்த வீட்டு நெய்யையே ஊராருக்கு ஊற்றினார். அது அவளுடைய கூறைச்சேலை. கல்யாணத்தன்று கட்டி மடித்து வைத்தது, மறுபடி கட்டவே இல்லை. நான் எட்டுக் கெஜத்தையும் சுற்றிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மேடையில் நான் வந்ததும் பெண்கள் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. என் அழகுக்காக என்று நினைத்துக்கொண்டேன். மதினி தன் கூறைச்சேலை மேடையேறி நடப்பதையும், அதற்குப் பக்கத்தில் தன் மாப்பிள்ளைக் குடை வெள்ளைத் துணி கட்டி நிற்பதையும் பார்த்து எழுந்து நின்றாளாம். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்களாம்.

என் கதையைச் சோகமான கதை என்று நினைத்திருந்தேன். பெண்கள் அப்படி நினைக்கவில்லை. ராணி முன்னமே துரும்பு வாங்கியவள் என்று மந்திரி சொன்னதும் நான் மயங்கி விழுந்தேன். "இதுக்கா விழுகுறா? எங்க அத்தை மூணு பேருகிட்டத் துரும்பு வாங்கி நாலாவது ஆளோட நல்லாத்தான் இருக்கா!" என்று ஒருத்தி சொன்னாள். ராஜா, "கடமையே பெரிது!" என்றதும் இன்னொருத்தி, "அப்ப சிம்மாசனத்தோடயே குடும்பம் நடத்து!" என்றாள். அழுதது ஒரே ஒரு ஆள், மதினி குடியிருந்த வீட்டுக்குக் கீழே மோஹிங்கா விற்கும் பர்மாக்காரம்மா. மீன் குழம்பில் சேமியா மாதிரி அரிசி நூலைப் போட்டுக் கொடுப்பாளே, அதுதான் மோஹிங்கா. அவளுக்குத் தமிழ் அரைகுறை. ஈயத்தாள் கிரீடமானாலும் ராஜா ராஜாதான் அவளுக்கு.

தவறு நடந்தது துரும்புக் காட்சியில். சம்மதம் சொல்ல வேண்டிய மந்திரிகள் இருவரை நடுவில் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் துரும்பைக் கிள்ளி என் கையில் கொடுத்துவிட்டு, "சபையோரே, சம்மதந்தானா?" என்று கேட்டுத் திரும்பினார். மேடையில் நானும் குடையும்தான் இருந்தோம். கைதட்டல் வேறு அவர் தலைக்கு ஏறியிருந்தது. வெற்றிலைத் தட்டோடு மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி முன்னால் நீட்டி, "பெரியவரே, சம்மதந்தானா?" என்று முழங்கினார்.

மேஸ்திரி கதையில் மூழ்கிப்போயிருந்தார். கண்ணில் தண்ணீர். எத்தனையோ வருஷம் பஞ்சாயத்தில் சொல்லிப் பழகிய வாய். தட்டைக் கண்டதும் கை தானாகப் போய் வெற்றிலையை எடுத்தது. வாய் தானாகச் சொன்னது: "சம்மதம்ப்பா. இனிமே அவுகவுக வழியை அவுகவுக பார்த்துக்கங்க." இரு பக்கமும் இருந்த மற்ற இரண்டு பெரியவர்களும் அவர் எடுத்ததைப் பார்த்து ஆளுக்கொரு வெற்றிலை எடுத்தார்கள். கூட்டம் சாவடி அதிரக் கைதட்டியது. நான் காட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் அண்ணனோடு அவர் வீட்டுக்குப் போனேன். என் லுங்கியை யாரோ மாற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டதால் சேலையோடேயே போக வேண்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"இந்தா, கதவைத் திற. பசிக்குது."

"ராஜ்யத்துக்காகத்தானே விட்டீக? ராஜ்யத்துல சோறு இருக்கும். போய்ச் சாப்பிடுங்க."

"அடியே, அது நாடகம்!"

"நாடகமா? நாடகத்துல மேஸ்திரி மாமாவுக்கு என்ன வேஷம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காலைப் பார்த்தேன்.

"அவுக வேஷமும் போடலை, பவுடரும் பூசலை. வேட்டியில உட்கார்ந்து வெத்தலை எடுத்தாக. நான் கண்ணால பார்த்தேன்."

"துரும்பை உன் கையிலயா கொடுத்தேன்? இவன் கையிலல்ல கொடுத்தேன்!"

"என் சேலைகிட்டக் கொடுத்தீக. உங்களுக்குப் பதில் குடை உட்காரலாம், எனக்குப் பதில் சேலை நிக்கக் கூடாதா?"

கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை வெளியே வந்து ஒரு பழைய லுங்கியை என்மேல் எறிந்தது. "கொழுந்தனாரே, சேலையை அவிழ்த்துக் கொடுங்க." கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். தோள்பட்டையில் அரிதாரம் ரோஜா நிறத்தில் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அண்ணன் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள். "என்னைக் கட்டுன ஆளு உள்ள வரலாம்" என்றாள். குடை உள்ளே போனது. அண்ணன் வெளியே நின்றார். கதவு சாத்திக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க அண்ணன் நாங்கள் கூலியாட்கள் தங்கும் பாரக்கில் தங்கினார். ஆனி மாத ரங்கூன் மழை எப்படியிருக்கும் என்று நனைந்தவர்களுக்குத்தான் தெரியும். குடையில்லாமல் ஜெட்டிக்குப் போய்வந்தார். வழியில் தெரிந்தவர்கள், "ராஜாவுக்குக் குடை பிடிக்க ஆளில்லையா?" என்று கேட்டார்கள். எங்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. புதன்கிழமை வாக்கில் சிரிப்புக் குறைந்தது. அவர் சாப்பிடாமல் எழுந்து போக ஆரம்பித்திருந்தார்.

சமாதானத்துக்கு ஒரு நல்ல டூரியான், நம் ஊர்ப் பலா மாதிரி முள்ளுப் பழம், வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பினார். மதினி அதைத் தொடவில்லை. "அத்துவிட்ட ஆளு கொடுக்குற பழம் முள்ளோடதான் இருக்கும்" என்று திருப்பி அனுப்பினாள். நாங்கள் தின்றோம். அந்த வாசனைக்கு மறுநாள் பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அந்தப் பழத்தோடு திரும்பி வரும்போது மோஹிங்காக்காரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எங்கள் வழக்கம் அவளுக்குப் புரியவில்லை. பர்மாவும் அரைகுறைத் தமிழும் கலந்து அவள் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். "எங்க சனத்துல புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் பெரியவங்க முன்னால வேணாம்னா வேணாம். சாமானைப் பாதிப் பாதி பிரிச்சுக்குவாங்க. பானை இவளுக்கு, மூடி அவனுக்கு. உங்க ஆளுங்க வைக்கோலைக் கொடுத்துட்டு எல்லாத்தையும் வச்சுக்கிறாங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "உன் நாடகம் தப்பு. வெள்ளைக்காரன் எங்க ராஜாவைப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்தினப்ப ராணியும் கூடப் போனாங்க. சிம்மாசனம்தான் போச்சு, ராஜா ராணியை விடலை. இதை உன் அண்ணனுக்குச் சொல்லு."

கடைசியாக ஒன்று சொன்னாள். அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மதினி அந்தச் சிவப்புச் சேலையை ஏன் கட்டாமல் வைத்திருந்தாள் என்று இவள் ஒருநாள் கேட்டாளாம். "ஒரு நாளைக்காச்சும் அவுக பக்கத்துல மணையில உட்காருறப்ப கட்டணும்" என்றாளாம். தாலி ஏறிய கழுத்துக்கு மறுபடி மணை எங்கே வரும்? வராது என்று தெரிந்தும் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாள்.

நான் அண்ணனிடம் போய் இரண்டையும் சொன்னேன். அவர் வின்ச் கைப்பிடியை வெகுநேரம் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆனி மாதக் கடைசி நாள். முதல் நாடகத்தின் புகழ் ஆற்றுக்கு அந்தப்பக்கம் தல்லாவரை போய், அரிசி ஆலைக்காரர்கள் சம்பான் படகுகளில் குடும்பம் குடும்பமாக வந்து சாவடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கென்று மதினி பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டாள். கூறைச்சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, கையில் குடையோடு வந்தாள். குடையைப் பெரியவர்கள் முன்னால் சாய்த்து வைத்தாள். தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தாள். முகப்பூச்சு நடுவில் அண்ணனையும் என்னையும் இழுத்துவந்தார்கள். அதன் பிறகுதான், நான் இந்தக் கதையின் தொடக்கத்தில் எழுதிய கேள்வியை அவள் கேட்டாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "தாயி, விளையாட்டுக்குச் செஞ்சது செல்லாது."

"நான் குடைகிட்ட உட்கார்ந்தப்ப ஊரே சிரிச்சுச்சு மாமா. அப்ப அதுவும் விளையாட்டா?"

"அவன் அங்க இல்லை தாயி. அதனாலதான் குடை."

"நானும் மேடையில இல்லை. அதனாலதான் சேலை."

பக்கத்துப் பெரியவர் பொறுமையிழந்தார். "அட, தொல்லையை விடுங்கப்பா. ரெண்டும் செல்லாதுன்னு சொல்லி முடிங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து மேஸ்திரியின் பெண்டாட்டியே எழுந்தாள். "என்ன சொன்னீக? செல்லாதா? என்னைக் கட்டுனது வேல்கம்பு. அது செல்லாதுன்னா நான் யாருக்கு இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன்? எம் புள்ளைக நாலும் யாரு புள்ளைக?"

"எனக்கு அருவா!" என்றாள் இன்னொருத்தி.

"எனக்குத் தலைப்பாகை!"

"எனக்கு எம் மச்சான் படம்கூட இல்லை, அவுக செருப்பு!"

கொட்டகையே சிரித்தது. ஆனால் மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. ரங்கூனில் இருந்த எங்கள் சனத்தில் பாதிக் கல்யாணம் கப்பலுக்கும் மணைக்கும் நடுவில் ஏதோ ஒரு கம்பையோ கத்தியையோ நட்டுத்தான் நடந்திருந்தது. செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்று சாயங்காலம் பாதிப் பேர் வெளித்திண்ணை இல்லாத இந்த ஊரில் எங்கே படுப்பார்கள்?

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "சரி. குடையும் செல்லும், சேலையும் செல்லும். வெத்தலை எடுத்தது என் கை. தீர்ந்தது தீர்ந்ததுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் முகத்தின் ராஜாப் பக்கம் அப்படியே இருந்தது, வின்ச்காரர் பக்கம் வெளுத்துப்போனது.

"தீர்ந்தவளுக்கு மறுதாலிக்குத் தடையில்லை" என்றார் மேஸ்திரி, கோயில் மணைப்பலகையை நடுவில் இழுத்துப் போட்டு. "கட்ட விருப்பமிருக்கிற ஆம்பளை இந்த மணையில வந்து உட்காரலாம். விடிஞ்சா ஆடி. இன்னைக்கு இப்ப, இல்லேன்னா ஆவணி."

"ஆவணிக்கு நான் எங்க ஐயா வீட்டுல இருப்பேன்" என்றாள் மதினி. "புதன்கிழமை கப்பல்." குரல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவளும் பயந்துதான் நின்றாள்.

அதே நேரம் ஆர்மோனியக்காரர் ஓடிவந்தார். "அண்ணே! சனம் கத்துது. தல்லாக்காரன் பெஞ்சியைத் தூக்குறான். ராஜா இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது? நீங்க வந்துட்டு அப்புறம் இதைப் பாருங்க!"

அண்ணன் சாவடியைப் பார்த்தார், மணையைப் பார்த்தார். வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. "கடமை என்று ஒன்று…" என்று மேடைக் குரலில் ஆரம்பித்தார்.

"அந்தக் கடமைக்கே தாலியைக் கட்டுங்க!" என்றாள் மேஸ்திரி பெண்டாட்டி.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பிறகு எங்கள் ஊர்க் குரலில், மெதுவாக, மேஸ்திரியிடம் பேசினார்.

"மாமா, அன்னைக்கு லீவு கேட்டேன். நீங்க தரலை."

"ஆமாப்பா. கப்பல் நின்னுச்சு."

"இன்னைக்கு நான் கேக்கலை. எடுத்துக்குறேன். சம்பான் நிக்கட்டும்."

சொல்லிவிட்டு ஈயத்தாள் கிரீடத்தைக் கழற்றி ஆர்மோனியக்காரர் தலையில் வைத்தார். போய் மணையில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, சின்ன மணை, ஓரமாகத்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

"ஐயோ, ராணிக்குச் சேலையில்லை, ராஜாவுக்கு ஆளில்லை!" என்று ஆர்மோனியக்காரர் தலையில் கிரீடத்தோடு புலம்பினார். மேஸ்திரி மஞ்சள் கயிறு கொண்டுவரச் சொன்னார். தகரத்தில் மழை சடசடவென்று விழத்தொடங்கியது.

மதினி குனிந்து குடையை எடுத்தாள். அதன் வெள்ளிப் பூணை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள், கப்பலுக்கு அனுப்புகிற ஆளுக்குச் செய்கிற மாதிரி. நேரே என்னிடம் வந்து என் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க கொழுந்தனாரே, உங்க ராஜா. கிரீடத்தை மாட்டி நாற்காலியில உட்கார வைங்க. வசனம் பேசாது. ஆனா யாரையும் அத்துவிடாது."

பிறகு அவள் மணைக்குப் போய், அண்ணன் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு வாரம் சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டுக் கறை போக்கிய அதே கூறைச்சேலை முந்தானையை எடுத்து, அவர் கன்னத்தில் மிச்சமிருந்த ராஜாவை அழுத்தித் துடைத்துவிட்டாள்.